ஊரிலிருந்து கொண்டுவந்த மருமகள்

ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கிடட்டுமா தாயி? உனக்கு எந்தப் பக்கம் உக்காந்தாலும் ஒண்ணுதான், சின்ன வயசு. எனக்குக் காத்து வேணும். மதுரை தாண்டிட்டுன்னா காத்து மாறிரும், பாரு. பொள்ளாச்சில அடிக்கிற காத்து வேற, குளுகுளுன்னு இருக்கும், மழைய மோந்து பாத்துட்டு வார மாதிரி. இது மூஞ்சியச் சுடும். ஆனா காத்துன்னா இதுதான் காத்து. அதுவும் நல்ல காத்துதான், நான் குறை சொல்லல.

உனக்குக் குரும்பூரா? அப்படிச் சொல்லு. பை வைக்க இடம் கேட்டு நீ கண்டக்டர்ட்ட வாயத் தொறந்த உடனே தெரிஞ்சுபோச்சு, நம்ம பக்கத்துப் பிள்ளைன்னு. அதனாலதான் அந்த மூணு பேர் சீட்ட விட்டுட்டு உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். எனக்கு உடன்குடிக்குப் பக்கம். பேரு தங்கபுஷ்பம். கெட்டிக் குடுத்தது பொள்ளாச்சி, முப்பத்தோரு வருஷமாச்சு. எங்க வீட்டுக்காரர் பேரு பால்துரை, அங்க மளிகைக் கடை வச்சிருக்காவ. ஒரே மகன், லிங்கதுரை.

இப்ப பேரனப் பாக்கப் போறேன். பிறந்து நாலு மாசமாச்சு தாயி, இன்னும் முகம் பாக்கல. ஒரு போட்டோ கூட வரல. மருமக அனுப்பக் கூடாதுன்னுட்டாளாம். மகன்ட்ட கேட்டா, ‘அம்மா, நீ வராத, அவ உன்னய வீட்டுக்குள்ள ஏத்த மாட்டா’ங்கான். எங்க வீட்டுக்காரரும் போகாதன்னுதான் சொன்னாவ. நான் கேக்கல. பையத் தூக்கிட்டுக் கிளம்பிட்டேன். நாலு மாசப் பிள்ளைய நான் ஒரு தடவை தூக்கணும், அவ்வளவுதான். அத்தோட அவளையும் கூட்டிட்டு வந்துட்டேன்னா என் மனசு ஆறிரும்.

ஏன் அப்படிப் பாக்க? நான் கொடுமைக்கார மாமியா இல்ல. ஒரு நாள் கை நீட்டுனது கிடையாது. ‘சாப்பிட்டியாட்டி’ன்னு கேக்காம நான் சோத்துல கை வச்சது கிடையாது. முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு.

பொள்ளாச்சிக்குப் போன புதுசுல நான் அழாத நாள் இல்ல. ஆனா எப்படியாப்பட்ட ஊருங்கற அது! நண்டு சிண்டெல்லாம் ‘வாங்க, போங்க’தான். ஒருத்தர் சண்டை போட்டாக் கூட ‘ஏனுங்க, உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா’ன்னு மரியாதையாத்தான் கேப்பாவ. தண்ணி இருக்கே, குடிச்சா குடிச்சுக்கிட்டே இருக்கலாம். நம்ம ஊருல கிணத்துத் தண்ணி வாயில வைக்க முடியாதுல்லா, உப்புக் கரிக்கும். ஆனா ஒண்ணு, அந்தத் தண்ணியில சோறு வடிச்சா ஒரு ருசி உண்டு பாத்துக்க. பொள்ளாச்சித் தண்ணியில உப்ப அள்ளி அள்ளிப் போட்டாலும் அந்த ருசி வரல. நான் போட்டுப் பாத்திருக்கேன்.

இப்ப யாராவது வந்து பொள்ளாச்சிய விட்டுட்டுக் கிளம்புன்னு சொன்னா நான் கிளம்புவனா? மாட்டேன். என்னைய எரிக்கிறதும் அங்கதான் எரிக்கணும். ஆனாலும் தேரி மண்ணு கண்ணுக்குள்ளயே கிடக்கு. அந்தச் செவப்பு மணலு, வெயில்ல காலு வைக்க முடியாது, சின்ன வயசுல ஓட்டமா ஓடி பனை நிழல்ல நின்னுக்கிடுவோம். ரெண்டு ஊரும் எனக்கு வேணும். ஒண்ணு இருந்தா ஒண்ணு இல்லாம போகணும்னு யாரு சொன்னா?

அதனாலதான் மகனுக்குப் பொண்ணு பாக்கும்போது பிடிவாதமா நின்னேன். அவன் கோயம்புத்தூர்ல வேலைக்குப் போற பொண்ணா கேட்டான். நான் ஊர்ப் பொண்ணுதான்னேன். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பந்தல்ல ஒரு பிள்ளை பரிமாறிக்கிட்டு நிக்கா. ‘ஏட்டி, அந்த வாளிய இங்கன தள்ளுட்டி, பாயசம் ஆறிப்போனா உங்க அப்பனா குடிப்பான்’னு ஒரு சத்தம் போட்டா பாரு, எனக்கு மேலு சிலிர்த்துப்போச்சு. எத்தனை வருஷமாச்சு அந்த மாதிரி ஒரு சத்தத்தக் கேட்டு! அந்த ஒரு சத்தத்துக்கே அவளை எடுத்துட்டேன். பேரு சுயம்புகனி. அப்பா கிடையாது. அம்மா பேச்சித்தாய், பள்ளிக்கூடத்துல சத்துணவு ஆயா. நகை நட்டு ஒண்ணும் வேண்டாம், பிள்ளையத் தாங்கன்னேன். பேச்சித்தாய் என் கையப் பிடிச்சுக்கிட்டா. ‘மயினி, தூரமா இருக்கேன்னுதான் யோசிக்கேன். நம்ம ஊர்க்காரி நீங்க இருக்கிய, அந்தத் தைரியத்துல தாரேன்’ன்னா.

முத ஆறு மாசம் எனக்குச் சொர்க்கம் தாயி. அவளை அடுப்படில ஒரு வேலை செய்ய விட்டதில்ல. ‘நீ உக்காந்து பேசுட்டி’ம்பேன். அவ பேசுவா. யாரு கிணறு வத்திப்போச்சு, எவ எவன்கூட ஓடிப்போனா, கருப்பட்டி காய்ச்சுத கொப்பரைய எங்க இறக்கியிருக்காவ, கோயில் மரம் காத்துல சாஞ்சிச்சா இல்லியா, எல்லாம் சொல்லுவா. சொன்னதையே திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். அவ அம்மா தினமும் சாயங்காலம் போன் போடுவா. நான் ஸ்பீக்கர்ல போட்டுருவேன். பேச்சித்தாயும் நானும் அரை மணி நேரம் பேசுவோம். கடைசில, ‘இந்தா உன் மகட்ட பேசு’ன்னு குடுப்பேன். அதுக்குள்ள பேச்சித்தாய்க்குப் பாத்திரம் கழுவ நேரமாயிரும். ரெண்டு வார்த்தையோட வச்சிருவா. அதுக்குப் போய் இந்தப் பிள்ளை முகத்தத் தூக்கி வச்சுக்கிடுவா.

அதுக்கப்புறம் அவட்ட ஒரு மாத்தம். பக்கத்து வீட்டு ரங்கநாயகிகூடச் சேர்ந்துக்கிட்டு அரிசிம்பருப்புச் சோறு செய்யப் படிச்சா. தையல் கிளாஸுக்குப் போனா. மழை பெஞ்சா மொட்டை மாடில போய் நனைஞ்சுக்கிட்டு நிக்கா. ஒரு நாள் காய்காரன்ட்ட, ‘ஏனுங்ணா, தக்காளி எப்படிங்க’ன்னு கேக்கா. எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சு. உள்ள கூப்பிட்டுக் கேட்டேன். ‘ஏட்டி, உன்னய நான் எதுக்குக் கொண்டாந்தேன்? இந்தப் பேச்சுப் பேச இந்த ஊருல ஆளா இல்ல?’ன்னேன். அவ சிரிக்கா. ‘அத்த, எனக்கு இந்த ஊரு ரொம்பப் பிடிச்சிருக்கு’ங்கா. ‘அப்ப உங்க அம்மாவ மறந்துட்டியா?’ன்னேன். ‘அதெப்படி மறக்கும்? அம்மா தினமும் கனவுல வாரா. ஆனா இங்கயும் பிடிச்சிருக்கு. ரெண்டும்தான் அத்த’ங்கா.

ரெண்டும்தானாம். கேட்டியா பேச்ச? ஒரு பொம்பளைக்கு மனசு ஒரு பக்கம் நிக்க வேண்டாமா? தையல் கிளாஸ நிப்பாட்டிட்டேன். ரங்கநாயகிட்ட, எங்க வீட்டுப் பிள்ளைக்கு நேரமில்லைங்கன்னு மரியாதையாச் சொல்லிட்டேன்.

ஊருக்கு அனுப்புனியான்னு கேக்கியா? இரு, சொல்லுதேன். முத ஆடிக்கு அவ அம்மா அழைக்க வாரேன்னா. பொள்ளாச்சில அந்தப் பழக்கம் கிடையாதுன்னுட்டேன். இருக்கு. ஆனா பேச்சித்தாய்க்கு எப்படித் தெரியும்? தலைத்தீபாவளிக்குக் கேட்டா. எங்க குடும்பத்துல மாமியாதான் தலையில எண்ணெய் வைக்கணும்னுட்டேன். எல்லாம் ஒரு பயந்தான் தாயி. போனவ வரலைன்னா என்ன செய்ய? நான் அந்த ஊருக்காரி, எனக்குத் தெரியாதா, அந்த மண்ணுல போய் காலை வச்சா எடுக்க மனசு வராதுன்னு. நான் ஒவ்வொரு தடவையும் காலை எடுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் உண்டானா. ஏழாம் மாசம் வளைகாப்பு. பேச்சித்தாய் விடியக்காலைல பஸ் ஏறி, ஏழு வகைச் சோத்தத் தூக்குல அடச்சுக்கிட்டு வந்து இறங்குனா. வளையல் போட்டு முடிஞ்ச உடனே தலைப்பிரசவத்துக்குப் பிள்ளையக் கூட்டிட்டுப் போறது எல்லா ஊருலயும் வழக்கந்தான். நான் இல்லைன்னேன். ‘இங்க ஒம்பதாம் மாசந்தான் அனுப்புவாவ, அதுவும் டாக்டர் சொன்னாத்தான்’னேன். எங்க வீட்டுக்காரர் அப்படியே என் மூஞ்சியப் பாத்தாவ. கடைக்கு ஆள் வந்திருப்பாவன்னு எந்திரிச்சுப் போயிட்டாவ. பேச்சித்தாய் ரெண்டு கையையும் கூப்புனா. ‘மயினி, ஒத்தப் பிள்ளை. நான் பள்ளிக்கூடத்துல மூணு மாசம் லீவு சொல்லிட்டு வந்திருக்கேன் மயினி’ன்னா. நான் என்ன, கல்லா? காபி போட்டுக் குடுத்தேன். சாயங்காலம் பஸ்ஸுல ஏத்திவிட்டேன். காலித் தூக்கச் சுமந்துக்கிட்டுப் போனா. சுயம்பு கேட்டப் பிடிச்சுக்கிட்டு நின்னு அழுதா. நானும்தான் அழுதேன். பேச்சித்தாய் போறாளேன்னு இல்ல. அந்தப் பஸ் ஊருக்குப் போகுதேன்னு அழுதேன்.

அன்னைலேருந்து அவ போன நான் வாங்கி வச்சுக்கிட்டேன். வயித்துப் பிள்ளைக்காரி போன வச்சுக்கிட்டுக் கிடந்தா சூடு, உடம்புக்கு ஆகாது. அப்படித்தான் எல்லாரும் சொல்லுதாவ.

இப்பத்தான் விஷயத்துக்கு வாரேன். எட்டாம் மாசம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். மத்தியானம், நான் மாடியில மிளகாய் வத்தல் காயப் போட்டுட்டு இருந்தேன். சுயம்புவோட போன் மடியில கிடந்துச்சு. அடிச்சுது. அவ சித்தி பேசுதா, பேச்சித்தாயோட தங்கச்சி. ‘சுயம்பு, அம்மாக்கு நெஞ்சு வலி வந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரில கிடக்கா, ரெண்டு நாளாச்சு, டாக்டர் கைய விரிச்சுட்டாரு, உன்னயத்தான் கேக்கா, இந்தா பேசு’ன்னுட்டு, நான் ஒரு வார்த்தை சொல்லுமுன்ன போனக் கொண்டுபோய் அவ காதுல வச்சுட்டா.

‘ஏட்டி’ன்னா பேச்சித்தாய்.

தாயி, எங்கம்மா போயி பதினெட்டு வருஷமாச்சு. அதுக்கப்புறம் என்னைய ‘ஏட்டி’ன்னு கூப்பிட இந்த உலகத்துல ஆளு கிடையாது. பொள்ளாச்சில எல்லாருக்கும் நான் அக்கா, அம்மா, வாங்க, போங்க. அந்தக் குரலு காதுல விழுந்த உடனே எனக்கு வாய் தானா வந்துட்டு. ‘என்னம்மா’ன்னேன்.

அவளுக்கு அரை நெனவு. எனக்கும் அவ மகளுக்கும் பேச்சு ஒரே பேச்சு, ஒரு ஊருத் தண்ணிதானே. ‘சாப்பிட்டியாட்டி’ன்னா. ‘சாப்பிட்டேம்மா, கத்திரிக்கா புளிக்குழம்பு’ன்னேன். அன்னைக்கு எங்க வீட்டுல அதான். ‘பிள்ளை உதைக்கானா’ன்னா. உதைக்கான்னேன். ‘வயித்தச் சாச்சுப் படுக்காத, இடது பக்கமாப் படு’ன்னா. சரிம்மான்னேன். நான் லிங்கதுரைய உண்டாயிருந்தப்போ எங்கம்மா சொன்ன அதே வார்த்தை.

சுயம்பு கீழதான் தூங்கிட்டு இருந்தா. எழுப்பியிருக்கலாம். இருபது படிதான். ஆனா எட்டு மாசக்காரி, கேட்டா துடிச்சுப் போயிருவா, பஸ் ஏறணும்பா, வழியில ஏதும் ஆச்சுன்னா? அவ நல்லதுக்குத்தான் எழுப்பல. அத்தோட, உள்ளதச் சொல்லுதேன், போன விட எனக்கு மனசு வரல.

கடைசில, ‘எப்பட்டி வார’ன்னு கேட்டா. நான் யோசிச்சேன். வாரேன்னு சொன்னா, இந்தா வந்துருவா, அந்தா வந்துருவான்னு வாசலயே பாத்துக்கிட்டு உசுரு போகாம இழுத்துக்கிட்டுக் கிடப்பா. பாவம்லா? அதனால, ‘வரலம்மா. எனக்கு இங்கதான் பிடிச்சிருக்கு. ஊர் நெனப்பே வரல’ன்னுட்டேன். ஒரு தடவை இருமுனா. அப்புறம், ‘அதுதான் நல்லது. நல்லா இரு’ன்னா. எவ்வளவு நிம்மதியாச் சொன்னா தெரியுமா? பதினோரு நிமிஷம் பேசியிருக்கோம். நான் மிளகாய் கைய மறந்து கண்ணத் துடச்சு, சாயங்காலம் வரைக்கும் எரிச்சல்.

ரெண்டாம் நாள் போயிட்டா. அப்ப சொல்லாம இருக்க முடியாதுல்லா, சொன்னேன். கார் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனோம். வழியெல்லாம் சுயம்பு, ‘ஒரு தடவை பேசியிருந்தா, ஒரே ஒரு தடவை பேசியிருந்தா’ன்னு சொல்லிக்கிட்டே வந்தா. நான் அவ தலையத் தடவிக்கிட்டே இருந்தேன். லிங்கதுரைட்ட கேட்டுப் பாரு, தடவிக்கிட்டேதான் இருந்தேன்.

சாவு வீடுன்னாலும் ஊரு ஊருதான் தாயி. அந்தக் கொடைக்குப் பிறகு அப்பத்தான் போறேன். எடுத்து முடிச்சதும் செருப்பக் கழத்திட்டு மணல்ல கொஞ்ச தூரம் நடந்து பாத்துக்கிட்டேன். ரெண்டு சிப்பம் கருப்பட்டி வாங்கிக்கிட்டேன், பொள்ளாச்சில கிடைக்கறது எல்லாம் சீனி கலந்தது.

நான் திரும்பி வீட்டுக்குள்ள நுழையுதேன், சித்திக்காரி சுயம்புவப் பிடிச்சு உலுக்கிக்கிட்டு இருக்கா. ‘சாகக் கிடந்தவட்ட வரமாட்டேன்னு சொல்ல உனக்கு நாக்கு எப்படிட்டி வந்துச்சு? அதுக்கப்புறம் அவ வாயில தண்ணி கூட வாங்கலையேட்டி’ங்கா. சுயம்பு முழிக்கா. ‘நானா? நான் எப்பப் பேசுனேன்?’ங்கா. அப்புறம் மெதுவாத் திரும்பி என்னயப் பாத்தா. என் மடியில இருந்த போன எடுத்தா, தேதியப் பாத்தா, பதினோரு நிமிஷத்தப் பாத்தா. கத்துவான்னு நெனச்சேன். கத்தல. அடிச்சா வாங்கிக்கிடலாம்னு கூட இருந்தேன்.

‘அத்த, அம்மா வேற என்ன கேட்டா?’ன்னா.

அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. புரிஞ்சுக்கிட்டான்னு நெனச்சேன். பக்கத்துல உக்காந்து ஒண்ணு விடாமச் சொன்னேன். சாப்பிட்டியான்னு கேட்டது, பிள்ளை உதைக்கான்னு நான் சொன்னது, இடது பக்கமாப் படுக்கச் சொன்னது, எல்லாம். அம்மா குரல் மாதிரியே சொல்லிக் காட்டுனேன், பிள்ளைக்கு ஆறுதலா இருக்கட்டும்னு. அவ கண்ணக் கூடச் சிமிட்டாம கேட்டா. அங்க இருந்த பொம்பளையாளுவ ஒருத்தி பாக்கியில்லாம எந்திரிச்சு வெளிய போயிட்டாளுவ. அது என்னமோ தெரியல.

மறுநாள் கார் வந்து நிக்கு. அவ வரல. அம்மா வீட்டுப் பூட்டுச் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டுச் சித்தி பின்னாலயே போயிட்டா. பதினாறாம் நாளுக்குப் போன லிங்கதுரையும் திரும்பி வரல. இப்ப உடன்குடில போன் ரிப்பேர்க் கடை வச்சிருக்கானாம். ரங்கநாயகிக்கு மட்டும் மருமக பேசுதாளாம். பொள்ளாச்சி மழைய நெனச்சா ஏங்கிப்போகுது, அந்த வீட்டு வாசல் கண்ணுக்குள்ளயே இருக்குன்னு அவட்ட அழுதிருக்கா. பாத்தியா? ஏங்குதால்லா? அப்ப வர வேண்டியதுதானே? நான் என்ன, வீட்டு வாசலையா பூட்டி வச்சிருக்கேன்? நான் இருக்க வரைக்கும் வரமாட்டேன்னு ரங்கநாயகிட்ட சொன்னாளாம். அத அந்தப் பொம்பளையும் என்ட்ட, ‘உங்களாலதானுங்க’ன்னு மரியாதையா வந்து சொல்லிட்டுப் போறா.

திருநெல்வேலி தாண்டியாச்சா? அப்ப இன்னும் ஒரு மணி நேரம்.

தாயி, எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. உன் போன எடு. எங்க நம்பர எல்லாம் அவ பிளாக் பண்ணிட்டா. அவ நம்பர் எனக்கு மனப்பாடம். நீ பேசு, நம்ம பக்கத்துப் பேச்சுன்னா வைக்க மாட்டா. ‘உங்க அத்தைக்கு பஸ்ஸுல மயக்கம் வந்துட்டு, மூச்சு வாங்குது, திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டுல படுக்க வச்சிருக்கோம், பிள்ளையத் தூக்கிட்டு உடனே வாங்க, கடைசியா முகம் பாக்கணுங்காவ’ன்னு சொல்லு. பொய் என்ன பொய்? எனக்கு நெசமாவே நெஞ்சு படபடன்னுதான் அடிக்கு, கைய வச்சுப் பாரு. சொல்லு தாயி. பிள்ளை முகத்தப் பாத்துட்டு நானே மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன். ஸ்பீக்கர்ல போடு. என் பேரச் சொல்லும்போது கொஞ்சம் அழுற மாதிரிச் சொல்லு.

கேட்டியா? ‘மூச்சு இருக்கா’ன்னா கேட்டா? நீ ஏன் இருக்குன்னு பட்டுன்னு சொன்ன? கொஞ்சம் இழுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா? ‘இருக்குன்னா எங்க வீட்டுக்காரவியள அனுப்புதேன், அடுத்த பொள்ளாச்சி பஸ்ஸுல ஏத்தி விட்டுருவாவ. இல்லன்னா சொல்லுங்க, அப்பவும் அவியளத்தான் அனுப்புவேன்’னுட்டு வச்சுட்டா. ஒரு நடுக்கம் இல்ல குரலுல.

ஆனா பின்னால பிள்ளை சத்தம் கேட்டுதுல்லா? அழுதானா, சிரிச்சானா? நீ போனப் பிடிச்சிருந்த, உனக்கு நல்லாக் கேட்டிருக்கும், சொல்லு. ‘ஏலே இரு, அம்மா வாரேன்’னா பாத்தியா, என்ன அழகாச் சொல்லுதா. அதுக்குத்தான் தாயி அவளை எடுத்தேன்.

இன்னொரு தடவை போடு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். எடுத்து, யாருன்னு கேட்டுட்டு அவளே வைக்கட்டும், அதுக்குள்ள பிள்ளை ஒரு சத்தம் குடுத்துருவான். நான் வாயத் தொறக்க மாட்டேன், சத்தியமா. ஏன் போன உள்ள வைக்க? எங்க எந்திரிச்சுப் போற? உங்க ஊரு இன்னும் வரலையே தாயி.